யோக் ஒரு கம்பெனி, பெடல் இன்னொரு கம்பெனி: சேர்த்து வைக்கும்போது எங்கே சறுக்குகிறது?

ஃப்ளைட் சிமுலேட்டருக்கு யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்) ஒரு கம்பெனியிடமும், த்ராட்டில் (என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவர்), பெடல் எல்லாம் வேறு கம்பெனிகளிடமும் வாங்கினால் ஒத்துப்போகுமா என்று பலர் தயங்குகிறார்கள். கம்ப்யூட்டரில் அந்தக் கவலை வேண்டாம். விண்டோஸைப் பொறுத்தவரை எல்லாமே யூஎஸ்பியில் வந்து சேர்ந்த தனித்தனி ஜாய்ஸ்டிக்குகள்தான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், போர் விமானங்களுக்கான டிசிஎஸ் ஆகிய மூன்று சிமுலேட்டர்களுமே பல கருவிகளை ஒரே நேரத்தில் ஏற்கும். தலைவலி ஆரம்பிப்பது ஒரே வேலையை இரண்டு கருவிகளிடம் கொடுத்துவிடும்போது. பெரும்பாலும் அதை நாம் செய்வதில்லை, சிமுலேட்டரே செய்துவிடுகிறது.

டிசிஎஸ்ஸில் பெடலைச் செருகிப் பாருங்கள். அதையும் ஒரு ஸ்டிக் என்று எடுத்துக்கொண்டு, அதன் எக்ஸ், ஒய் ஆக்ஸிஸ்களை (கருவியின் அசைவைச் சொல்லும் அளவுகள்) ரோலுக்கும் (பக்கவாட்டுச் சாய்வு) பிட்ச்சுக்கும் (மூக்கு ஏறி இறங்குவது) தானாகவே ஒதுக்கிவிடும். பல பெடல்களில் அந்த இரண்டும் கால் பிரேக். அதனால் பிரேக்கை மிதித்தால் காக்பிட்டில் ஸ்டிக் ஒரு பக்கம் சாயும். ஸ்டிக் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பக் கிளம்பியவர்களும் உண்டு! ஆக்ஸிஸ் அட்டவணையைத் திறந்து, பிட்ச் வரிசையில் உங்கள் ஸ்டிக்கைத் தவிர மற்ற எல்லாக் கட்டங்களையும் காலியாக்குங்கள். ரோல், ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பகுதி), த்ராட்டில் வரிசைகளுக்கும் இதே வைத்தியம்தான்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கதை கொஞ்சம் வேறு. தனக்குத் தெரிந்த கருவி என்றால் அதற்கென்று ஒரு ரெடிமேட் ப்ரொஃபைலை (எந்த பட்டனுக்கு, எந்த லீவருக்கு என்ன வேலை என்ற பட்டியல்) போட்டுவிடும். தனி த்ராட்டில் வாங்கிய பிறகும் ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் குட்டி த்ராட்டில் லீவர் வேலையில் இருக்கும். பெடல் வந்த பிறகும் ஸ்டிக்கைத் திருகினால் ரடர் அசையும். சும்மா இருக்கும்போதே அந்தப் பழைய லீவர் லேசாக நடுங்கினால் போதும், என்ஜின் வேகம் ஏறி இறங்கும். ஒவ்வொரு கருவிக்கும் காலியான புது ப்ரொஃபைல் உருவாக்கி, தேவையானதை மட்டும் கையால் ஒதுக்குவதே மேல். நேரம் பிடிக்கும், ஆனால் பின்னால் தேடி அலைய வேண்டாம். எஃப்எஸ்யூஐபிசி போன்ற வெளி மென்பொருளில் ஓர் ஆக்ஸிஸை ஒதுக்கினால், சிமுலேட்டருக்குள் அதை நீக்கிவிடுங்கள்.

அடுத்தது திசை. முழு பவர் கொடுத்தும் விமானம் நகரவில்லையா? கால் பிரேக் தலைகீழாக இருக்கலாம்: காலை எடுத்தால் முழு பிரேக், மிதித்தால் விடுதலை. அந்த ஆக்ஸிஸை ‘ரிவர்ஸ்’ செய்தால் சரி. சென்ஸிட்டிவிட்டி வளைவையும் (எவ்வளவு அசைத்தால் விமானம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அமைப்பு) ஒரே இடத்தில் வையுங்கள். கம்பெனி மென்பொருளில் ஒரு முறை, சிமுலேட்டரில் இன்னொரு முறை என்று வைத்தால் நடுவில் ஸ்டிக் செத்துக் கிடக்கும், ஓரத்தில் பாய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் மின் இணைப்பில்லாத ஒரே ஹப்பில் செருகுவதும் வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்ப். விளக்கு எரியும் த்ராட்டிலும் சின்னத் திரை உள்ள பேனலும் அதைப் பங்குபோட்டால் நடுவானில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். டிவைஸ் மேனேஜரில், மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். போர்ட்டை மாற்றினால் சில கருவிகளைப் புதுசு என்று நினைத்து பைண்டிங்கை (நாம் ஒதுக்கிய வேலைகளை) மறந்துவிடும் சிமுலேட்டர்களும் உண்டு. எது எந்த போர்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டுவது வீண் வேலை இல்லை.

வாங்குவதற்கு முன் பிளக்கையும் பாருங்கள். த்ரஸ்ட்மாஸ்டரின் டிஎஃப்ஆர்பி பெடலில் இருப்பது டெலிபோன் பிளக் போன்ற ஆர்ஜே12. அதே கம்பெனியின் ஸ்டிக்கிலோ த்ராட்டிலிலோ செருகத்தான் அது. வேறு கருவிகளோடு வைக்க யூஎஸ்பி அடாப்டர் தேவை. அடாப்டர் இல்லாமல் ஸ்டிக்கிலோ த்ராட்டிலிலோ நேராகச் செருகினால் பெடல் தனிப் பெயரில் வராது, செருகிய கருவியின் கூடுதல் ஆக்ஸிஸாகவே தெரியும். அதேபோல, 2016-ல் லாஜிடெக், சைடெக் என்ற கருவி பிராண்டை வாங்கிவிட்டது; பழைய பெடல் ஒன்று கருவிப் பட்டியலில் சைடெக் என்றே வந்தால் குழம்ப வேண்டாம்.

ஒரே ஜாய்ஸ்டிக்கை மட்டும் ஏற்கும் பழைய விளையாட்டுகளுக்கு, விஜாய், ஜாய்ஸ்டிக் கிரெம்லின் என்ற இரண்டு மென்பொருள்களும் சேர்ந்து பல கருவிகளை ஒரே போலி ஜாய்ஸ்டிக்காகக் காட்டும். நிஜக் கருவிகளை ஹிட்ஹைட் என்ற மென்பொருள் கொண்டு மறைக்க மறந்தால், நிஜமும் நிழலும் சேர்ந்து ஒரே கட்டளையை இரண்டு முறை அனுப்பும். பழைய வியாதியேதான். த்ரஸ்ட்மாஸ்டரின் டார்கெட் மென்பொருள் தன் கம்பெனிக் கருவிகளை மட்டுமே இணைக்கும் என்பதால் கலவை செட்டுக்கு அது போதாது.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு. எக்ஸ்பாக்ஸில் இந்தச் சுதந்திரம் கிடையாது: யூஎஸ்பி வாய் பொருந்தினாலும், எக்ஸ்பாக்ஸுக்கு என்று உரிமம் பெற்ற கருவிதான் வேலை செய்யும். பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.