பழைய ஆர்.எக்ஸ்.இசட்டைப் பந்தயத் தடத்தில் இறக்குவது எப்படி?

சிலாங்கூரில் பந்திங் பக்கம் எந்தத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் பின்னால் யமஹா ஆர்.எக்ஸ்.இசட் மோட்டார் ஒன்று நிற்கும். மேலே பழைய கோணிச்சாக்கு, சீட்டில் பூனை. அப்பா வேலைக்குப் போய்வந்த மோட்டார், அப்புறம் அண்ணன் கல்யாணம் ஆகும்வரை ஊர் சுற்றிய மோட்டார். 1985-இல் நம் மலேசியாவுக்கு வந்தது. 133 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், காற்றிலேயே ஆறும் இன்ஜின். சிக்கலே இல்லாத வண்டி என்பதால்தான் புதிதாகப் பந்தயத்துக்கு வருகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

அப்பா காலத்தில் பந்தயம் பார்க்க வேண்டும் என்றால் ஷா ஆலமில் இருந்த பத்து தீகா தடத்துக்குப் போக வேண்டும். 1968-இல் திறந்த அந்தத் தடத்தை 2003-இல் மூடிவிட்டார்கள். இப்போது சிப்பாங் தடம். சாலை காலியாக இருந்தால் எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே பழைய மோட்டார்களுக்கு ஒரு பிரிவு வைக்கிறார்கள் என்று பேச்சு வந்தாலே, "நானும் ஓட்டலாமாண்ணே?" என்று நாலு தம்பிகள் வந்து நிற்பார்கள். அடுத்த கேள்வி எந்த எக்ஸோஸ் போடலாம், எத்தனை மில்லிமீட்டர் கார்புரேட்டர் மாட்டலாம் என்பதாகத்தான் இருக்கும். அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூடக் கிடையாது. முதல் பந்தயத்துக்கு வேலை மூன்றுதான்: வண்டியிலிருந்து எதுவும் கழன்று விழக் கூடாது, ஒரு சொட்டு எண்ணெய் தடத்தில் சிந்தக் கூடாது, பிஸ்டன் ஜேம் ஆகக் கூடாது, அதாவது உருளைக்குள் இறுகி நின்றுவிடக் கூடாது.

1. ஸ்பானரை எடுக்கும் முன்

நடத்துபவர்கள் தரும் விதித்தாளை வாங்கி முழுதாகப் படியுங்கள். எந்த ஆண்டு வரை வந்த வண்டியைச் சேர்ப்பார்கள், எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். பந்தயத்தில் ஓட்டும் உரிமம் மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் வழியாக வரும். கடைசி வாரத்தில் அலைய வேண்டாம். உடைக்கு ஒரே துண்டாக வரும் தோல் சூட், முதுகுக் கவசம், கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், முகம் மூடிய ஹெல்மெட். சூட்டை யாரிடமாவது இரவல் வாங்கலாம், பழசாகவும் வாங்கலாம். ஹெல்மெட் மட்டும் புதிது. அது எத்தனை முறை கீழே விழுந்தது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

2. கழற்ற வேண்டியது

கண்ணாடி, முன்விளக்கு, சிக்னல், நம்பர் பிளேட், இரண்டு ஸ்டாண்டும், பின்னால் உட்காருகிறவரின் கால்கட்டை. எல்லாம் போகட்டும். கழற்றிய ஆணிகளைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டுங்கள். ஸ்டாண்ட் போய்விட்டால் வண்டியை எங்கே சாய்ப்பது என்று அன்றைக்குச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். எனக்கு வந்தது. ஒரு வாரம் அது செம்பனை மரத்தில் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தாங்கி ஒன்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பெட்ரோல் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் அது நேரே கார்புரேட்டருக்குத்தான் போகும். பெட்ரோல் குழாய் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

3. ரப்பரும் பிரேக்கும்

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பள்ளம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி, வயதான ரப்பர் பிடிக்காது. வெயிலில் கிடந்த டயரில் நகத்தை அழுத்தினால் பதியாது; அதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டக் கொடுத்துவிடலாம்.

முன்பிரேக் டிஸ்க். அதன் குழாய், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், பிரேக் எண்ணெய் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சூடானால் அந்த ஈரம் ஆவியாகி லிவர் கைப்பிடிவரை தளர்ந்து வந்துவிடும். பின்னால் டிரம். பழைய பிரேக் ஷூவில் பட்டை பசையில்தான் ஒட்டியிருக்கிறது. அது உரிந்து உள்ளே சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

செயினை இணைக்கும் இடத்தில் கிளிப் இருந்தால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏதாவது ஒன்றில் உரசிக் கழன்று போகும்.

4. கம்பி கட்டுவது

புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம், ஒன்றிரண்டு டிரில் முனை உடையும் என்பதைத் தவிர.

இன்ஜின் அதிர்வில் ஆணி தானாகத் திரும்பிக் கழன்றுவிடாதபடி பிடித்து வைப்பதற்கு லாக் வயர். கியர்பாக்ஸ் எண்ணெய் வடிக்கும் ஆணி, எண்ணெய் ஊற்றும் மூடி, முன்பிரேக் கேலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஆணிகள்: இந்த மூன்று இடமும் கட்டாயம். மற்றவை விதித்தாளில் இருக்கும்.

ஆணியைக் கழற்றி வைஸில் பிடியுங்கள். தலையின் ஆறு பக்கங்களில் ஒன்றில், மூலைக்குப் பக்கமாக, சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்துங்கள். 1.5 மில்லிமீட்டர் முனை, ஒரு சொட்டு எண்ணெய், குறைந்த வேகம். ஒரு பக்கம் நுழைந்து அடுத்த பக்கம் வெளியே வர வேண்டும். முனை உடைவது நுழையும்போது அல்ல, மறுபக்கம் வெளியே வரும் அந்தக் கடைசி நொடியில். அப்போது கையின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

ஆணியைத் திரும்பப் போட்டு முறையாக முடுக்குங்கள். கம்பி கட்டுகிறோமே என்று முடுக்குவதில் அலட்சியம் வேண்டாம். 0.8 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத கம்பியைத் துளையில் கோத்து, இரு முனையையும் சேர்த்து, சென்டிமீட்டருக்கு மூன்று முறுக்கு என்ற கணக்கில் முறுக்கி, பக்கத்தில் அசையாத ஓரிடத்தில் கட்டுங்கள். பிறகு இதைச் சோதித்துப் பாருங்கள்: ஆணி கழலும் திசையில் திரும்ப முயன்றால் கம்பி விறைக்க வேண்டும். தொய்ந்தால் தலைகீழாகக் கட்டியிருக்கிறீர்கள். வெட்டிப் போட்டுவிட்டு மறுபடியும் கட்டுங்கள். மிச்ச முனையை உள்பக்கமாக மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி கழுவும்போது விரல் கிழியும்.

இதே நாளில் கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய்க்கு (உள்ளே சூடேறும் காற்றை வெளியே விடும் குழாய்) ஒரு பாட்டில் பொருத்துங்கள். குறைந்தது 250 மில்லி பிடிக்க வேண்டும், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் இளகக் கூடாது, ஆணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். என் முதல் பந்தயத்தில் இந்தக் குழாய் பாட்டிலிலிருந்து நழுவித் தரையைப் பார்த்துத் தொங்கியிருக்கிறது. கிளிப் போடாதது என் வேலைதான். மூன்றாவது சுற்றில் ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி, பக்கத்தில் என் எண். யாருக்கோ என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். உங்கள் வண்டியில் ஆபத்து இருக்கிறது, உடனே தடத்தைவிட்டு விலகு என்பதுதான் அதற்கு அர்த்தம். நிறுத்திப் பார்த்தால் பின்டயரின் இடதுபக்கம் முழுக்க எண்ணெய்.

5. கலவையும் ஜெட்டும்

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் பெட்ரோலோடு எண்ணெயும் போக வேண்டும். அதை அனுப்பும் எண்ணெய்ப் பம்பை வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலப்பதா என்று பட்டறைக்குப் பட்டறை சண்டை நடக்கும். முப்பது வருடப் பம்பை நான் நம்ப மாட்டேன், கலந்துவிடுவேன். 5 லிட்டருக்கு 200 மில்லி எண்ணெய் ஊற்றினால் 25-க்கு 1. அளவுக் குவளையால் அளங்கள். கண்ணளவு ரசத்துக்குச் சரி. கலந்த கேனில் பெரிதாக எழுதி வையுங்கள், உதவிக்கு வந்த மச்சான் வெறும் பெட்ரோல் கேனை எடுத்து ஊற்றிவிட்டால் அன்றைய பந்தயம் அதோடு முடிந்தது.

சிப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பெரிய வண்டிகளுக்காகப் போட்ட தடம் அது. கடைசி வளைவுக்கு முன்னாலும் பின்னாலும் நீண்ட நேர்ச்சாலை. 133 சிசி வண்டிக்கு அது முடியவே முடியாது போல இருக்கும். திராட்டலை முழுசாகத் திறந்தபடியே போவீர்கள். நேர்ச்சாலை முடிவில் பட்டென்று மூடுகிறீர்கள். அங்கேதான் ஜேம் ஆகும். எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. திராட்டலை மூடியதும் பெட்ரோல் நின்றது, எண்ணெயும் நின்றது, ஆனால் பின்சக்கரம் இன்ஜினை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கிறது. அதுவரை வெந்துகொண்டிருந்த பிஸ்டனுக்கு அந்த நேரத்தில் வழுக்கலும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

அதனால் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்சில். பிரேக் பிடிக்கும்போது கிளட்ச்சை இழுத்து, திராட்டலைச் சற்றே ஒரு தரம் திறந்து மூடுங்கள். இன்ஜின் சத்தம் திடீரென்று யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் இறுகினால் யோசிக்காதீர்கள், கிளட்ச்சை இழுங்கள். தொடையில் வெயிலில் காயும் துணி மாதிரி சூடு ஏறுவதும் ஒரு முன்னறிவிப்பு.

மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையுள்ள சின்னத் திருகு) வழக்கமாக ஓடுவதைவிட இரண்டு படி பெரிதாகப் போட்டுத் தொடங்குங்கள். பயிற்சியில் நேர்ச்சாலை முழுவதும் ஓட்டி, முடிவில் கிளட்ச்சை இழுத்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்து, பின்னால் வருபவர்களுக்குக் கையைக் காட்டி ஓரமாக உருட்டி நிறுத்துங்கள். இதை முன்னமே நடத்துபவர்களிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள். பானையடிக் கரி மாதிரி இருந்தால் பெட்ரோல் அதிகம்; வண்டி சற்று மந்தமாக ஓடும், அவ்வளவுதான். சுண்ணாம்பு வெள்ளை என்றால் உடனே பெரிய ஜெட். வறுத்த மல்லி நிறம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

காலைக் குளிரில் காற்று அடர்த்தி, அதனால் பெட்ரோல் பற்றாமல் போகும். மத்தியான வெக்கையில் அதே ஜெட் அதிகமாகத் தெரியும். காலைக்குச் சரியானதையே நாள் முழுக்க வைத்திருங்கள். தோட்டத்துச் சாலையில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். எதிரே குலை ஏற்றிய லோரி வரும், மாடு வரும், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள்.

6. பந்தய நாள்

பசியாறிவிட்டு விடியற்காலையிலேயே கிளம்புங்கள். வண்டிச் சோதனையில் வரிசை நிற்கும், ஹெல்மெட்டும் சூட்டும் கையில் இருக்க வேண்டும். திராட்டலைத் திறந்து விட்டால் தானாக மூட வேண்டும், ஹேண்டலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினாலும். லிவர் முனையில் உருண்டை குறைந்தது 16 மில்லிமீட்டர். ஹேண்டல் குழாயின் முனை திறந்திருந்தால் அதோடு திருப்பி அனுப்புவார்கள். இன்ஜினை அணைக்கும் பொத்தான் வேலை செய்ய வேண்டும்.

ஓட்டுநர் கூட்டத்தில் தூங்காதீர்கள். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்கு, அதாவது வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு, திரும்பு. மஞ்சளில் சிவப்புக் கோடு தடம் வழுக்கும் என்பதற்கு. நீலம் பின்னால் வேகமானவன் வருகிறான் என்பதற்கு. திரும்பிப் பார்க்காதீர்கள். போகிற கோட்டிலேயே போங்கள், முந்துகிறவன் சுற்றிப் போய்விடுவான்.

இன்ஜினை மெதுவாகச் சூடேற்றுங்கள். குளிர்ந்த இன்ஜினை உறுமவிட்டால் பிஸ்டன் சீக்கிரம் விரிந்துவிடும், சுற்றியிருக்கும் உருளை விரிய நேரம் ஆகும். அப்படியும் ஜேம் ஆகும். முதல் பயிற்சியில் மூன்று சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு உள்ளே வந்து எல்லா ஆணியையும் கையால் தொட்டுப் பாருங்கள். பந்தயத்திலும் முதல் வளைவில் யாரோடும் போட்டி வேண்டாம். கடைசியாக நுழைந்து எத்தனையோ பேரைப் பிடிக்கலாம், பலர் தாமாகவே நின்றுபோவார்கள். மத்தியானம் மழை வரும். வானம் கறுத்தால் டயரையும் உங்களையும் யோசித்து இறங்காமலும் இருக்கலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முடிந்ததும் பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஜெட் எண், வானிலை, பிளக்கின் நிறம், எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதுங்கள். மறுநாள் காலை மூச்சுக்குழாய்ப் பாட்டிலைக் கழற்றுங்கள். உள்ளே ஈரம் மட்டும் இருந்தால் துடைத்து மாட்டிவிடலாம். அரை டம்ளர் எண்ணெய் இருந்தால் கியர்பாக்ஸில் எண்ணெய் அளவைப் பாருங்கள், பெரும்பாலும் நீங்கள்தான் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்.