டாக்டர் மாறினா பிபி மாத்திரையும் மாறுதா? எப்படி பாக்கணும், என்ன கேக்கணும்

ரெண்டு டாக்டர் ரெண்டு வேற பிபி மாத்திரை எழுதினா ஒருத்தர் தப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க, பல நேரம் ரெண்டுமே சரியாத்தான் இருக்கும். டாக்டரோட அனுபவம் எவ்வளவுங்கறதும் மருந்து மாற ஒரு காரணமா இருக்கலாம்.

மொதல்ல சீட்டுல மருந்து பேரு எப்படி முடியுதுன்னு பாருங்க. அடெனோலால் மாதிரி 'லால்'னு முடிஞ்சா பீட்டா பிளாக்கர், 'பிரில்'னா ஏஸ் இன்ஹிபிட்டர், 'சார்டன்'னா ஏஆர்பி, அம்லோடிபின் கால்சியம் சேனல் பிளாக்கர், குளோர்தாலிடோன் நீர் மாத்திரை (சிறுநீர் அதிகம் போக வைக்கறது) வகை. இதெல்லாம் பிபிய வேற வேற வழில குறைக்கற மருந்து வகைங்க.

இப்ப அனுபவம் எங்க வருதுன்னா, ஒருத்தர் எந்தக் காலத்துல படிச்சு வந்தாரோ அந்தக் கால மருந்து அவர் கைக்கு பழகிடும். அடெனோலால் ஒரு காலத்துல சர்வசாதாரணமா மொத மாத்திரையா எழுதினது, 2002ல லைஃப்ங்கற ஆய்வுல லோசார்டன் எடுத்தவங்களுக்கு அடெனோலால் எடுத்தவங்கள விட பக்கவாதம் கம்மின்னு தெரிஞ்சுது, 2006ல பிரிட்டன் வழிகாட்டுதல்ல பீட்டா பிளாக்கர மொத வரிசைலேர்ந்தே எடுத்துட்டாங்க. பழகின கை உடனே மாறாது. 2005ல பல ஆய்வுகள சேத்து பாத்த ஒரு தொகுப்பாய்வுலயும் டாக்டரோட சர்வீஸ் வருஷம் கூடக்கூட புது வழிகாட்டுதல பின்பத்துறது பல இடத்துல குறையுதுன்னுதான் வந்துச்சு.

அதுக்காக சீனியர் வேணாம்னு சொல்லவே மாட்டேன். வறட்டு இருமல் பிரில் மாத்திரையால, கால் வீக்கம் அம்லோடிபினாலன்னு சட்டுனு பிடிக்கறது நிறைய பேர பாத்த கண்ணுதான். புதுசுதான் ஒசத்திங்கறதும் தப்பு, 33,000 பேருக்கு மேல வச்சு பண்ணி 2002ல வெளிவந்த ஆல்ஹாட் ஆய்வுல மாரடைப்ப தடுக்கறதுல பழைய நீர் மாத்திரை புதுசுங்களுக்கு கொஞ்சமும் குறையல.

அதனால டாக்டர் வயச பாக்காம காரணத்த கேளுங்க. "எனக்கு ஏன் இந்த வகை, சுகர் கிட்னி இதயம் எதையாவது நெனச்சு குடுத்தீங்களா?"ன்னு கேட்டா போதும். பீட்டா பிளாக்கரா இருந்தா கண்டிப்பா கேளுங்க, மாரடைப்பு வந்தவங்களுக்கும் இதயம் பலவீனமானவங்களுக்கும் அது தேவையா இருக்கலாம், அத திடீர்னு நிறுத்தினா ஆபத்து, நீங்களா நிறுத்தவே கூடாது. கர்ப்பமா இருந்தாலோ பிளான் பண்ணினாலோ பிரில், சார்டன் ரெண்டும் ஆகாது, உடனே சொல்லுங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் காலைல சாயங்காலம் 5 நிமிஷம் உக்காந்துட்டு ரெண்டு ரெண்டு தடவ பிபி பாத்து எழுதி கொண்டுபோங்க, அனுபவம் எவ்வளவு இருந்தாலும் கைல நம்பர் இல்லாம டோஸ் கூட்ட யாருமே தயங்குவாங்க. பிரிலோ சார்டனோ புதுசா ஆரம்பிச்சா கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறது), பொட்டாசியம் டெஸ்ட் எப்ப எடுக்கணும்னு அன்னைக்கே கேட்டுட்டு வாங்க.