ஃபெரோஃப்ளூயிட் செல்லுக்குக் கண்ணாடி: எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும்?

ஃபெரோஃப்ளூயிட் செல் என்பது இதுதான்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஃபெரோஃப்ளூயிடின் (நுண்ணிய காந்தத் துகள்கள் கலந்த திரவம்) மெல்லிய படலம், சுற்றிலும் எல்இடி வளையம், அடியில் காந்தம். செல்லில் தெரிவது காந்தக் கோடுகளே அல்ல. புலத்தின் திசையில் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட நுண்துகள்கள் அதற்குக் குறுக்காகச் சிதறடிக்கும் ஒளி.

படலம் தடித்த இடம் இருளும், மெலிந்த இடம் வெளுக்கும். இடைவெளி 50 மைக்ரான் என்றால் அரை மைக்ரான் மேடுபள்ளம் வெறும் 1%, கண்ணுக்கே தெரியாது. 10 மைக்ரானில் அதுவே 5%. ஆகவே முதலில் இடைவெளியை முடிவு செய்யுங்கள், பிறகு கண்ணாடி வாங்குங்கள். தடித்த செல்லுக்குச் சாதாரண ஃப்ளோட் கண்ணாடி (ஜன்னல்களுக்குப் போடும் வகை) தாராளம்.

சோதிப்பது எளிது. இரண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, 546 நானோமீட்டர் பச்சை ஒளியில் பாருங்கள். நடுவிலுள்ள மெல்லிய காற்றிடைவெளியால் ஒளியும் இருளுமாகப் பட்டைகள் தெரியும். அவை நேராக, சம இடைவெளியில் ஓடினால் இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன. வளைந்தால், ஒரு பட்டை அளவு வளைவுக்குச் சுமார் 0.27 மைக்ரான் பிழை. ஓரிடத்தில் வட்டமாகச் சுருண்டால் பெரும்பாலும் தூசிதான், மறுபடி துடையுங்கள்.

நல்ல கண்ணாடியையும் கிளிப் கெடுத்துவிடும். 1 மி.மீ. நுண்ணோக்கி ஸ்லைடு இறுக்கினாலே வளையும், 3 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள். நடுவில் ஒரு துளி விட்டு, மேல் கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து மெல்லச் சாய்த்து இறக்குங்கள், காற்றுக்குமிழி சிக்காது. விளிம்பை எபாக்ஸியால் அடைக்கும்போது கனமில்லாத சீரான அழுத்தம் போதும்.