ஒரே குமிழ், நான்கு பொத்தான்: பிஎஸ்பியில் பீஸ் வாக்கர் ஆடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோனி தன் கையடக்க வீடியோ ஆட்டக் கருவியான பிஎஸ்பியை 2014-லேயே கைகழுவிவிட்டது. இன்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஒருவர் கையில் அந்தக் கருவி இருந்தால் அது அண்ணன் விட்டுப்போனதாக இருக்கும், அல்லது லோரோங் கூலிட் போன்ற பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்ததாக இருக்கும். தேடி வாங்கியவர்கள் சீக்கிரமே கேட்டு விசாரிக்கும் ஆட்டங்களில் ஒன்று 'மெட்டல் கியர் சாலிட்: பீஸ் வாக்கர்'. 2010-இல் வந்தது. கதை நடப்பது 1974-ஆம் ஆண்டு, கோஸ்டா ரிக்காவில். 1948-இல் தன் இராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு அது. அங்கே ஒரு படை புகுந்துவிட்டது என்பதுதான் கதையின் தொடக்கம்.

வாங்கிய வேகத்தில் பலர் கைவிடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: "கேமரா சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது." கட்டைவிரலால் தள்ளி இயக்கும் குமிழ் இரண்டு உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் பழகிய கை இது. இடது கட்டைவிரல் நடக்கும், வலது கட்டைவிரல் பார்க்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். பிஎஸ்பியில் குமிழ் ஒன்றே ஒன்று. வலப்பக்கம் இருப்பவை நான்கு பொத்தான்கள். பொத்தானுக்கு அழுத்தினேன், அழுத்தவில்லை என்ற இரண்டு நிலைதான் தெரியும். "கொஞ்சமாகத் திரும்பு" என்று அதனிடம் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆடுவதுதான் தாய்த்தவறு. மற்ற பல தவறுகள் அது பெற்ற பிள்ளைகள்.

கட்டுப்பாட்டு முறையைப் பாராமல் தொடங்குவது

இந்த ஆட்டத்தில் மூன்று வகைக் கட்டுப்பாடு உண்டு: ஷூட்டர், ஆக்‌ஷன், ஹண்டர். ஷூட்டர் வகையில் குமிழால் நடக்கிறோம், வலப்பக்க நான்கு பொத்தான்களால் கேமராவைத் திருப்புகிறோம், மேல் விளிம்பின் இடப்பக்க எல் பொத்தானால் குறி வைக்கிறோம், வலப்பக்க ஆர் பொத்தானால் சுடுகிறோம். திசைப் பொத்தான்கள் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்கின்றன. ஹண்டர் வகையில் கேமரா திசைப் பொத்தானுக்குப் போய்விடும். கட்டைவிரல் குமிழில் இருக்க, ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்து மேலே இருக்கும் திசைப் பொத்தானைத் தொட வேண்டும். 'மான்ஸ்டர் ஹண்டர்' என்ற ஆட்டத்தை ஆடி ஆடி விரல் அப்படியே பழகியவர்களுக்கு அது சொர்க்கம். மற்றவர்களுக்கு மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

புதியவர்களுக்கு ஷூட்டர் வகையே நல்லது. தேர்ந்தெடுத்த பிறகு ஒரு வாரமாவது மாற்றாதீர்கள். தோற்கும்போதெல்லாம் வகையை மாற்றினால் விரல் எதையும் மனப்பாடம் செய்யாது.

குறியைத் தூக்கிக்கொண்டு ஆளைத் தேடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். பெரும்பாலான சாவு இங்கேதான் நடக்கிறது.

புதியவர் என்ன செய்கிறார்? காவலாளி தெரிந்ததும் எல் பொத்தானை அழுத்திவிடுகிறார். பார்வை தோளுக்குப் பின்னால் நெருங்கி வந்து, திரையில் தெரியும் இடம் சுருங்குகிறது. அப்புறம்தான் பொத்தான்களால் ஆளைத் தேடுகிறார். குறி ஆளைத் தாண்டிப் போகிறது. திருப்பினால் மறுபக்கம் தாண்டுகிறது. அதற்குள் காவலாளியின் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி எழும்பிவிடுகிறது.

வரிசையை மாற்றுங்கள். முதலில் மறைவில் நில்லுங்கள். குனிந்து சுடப்போகிறீர்கள் என்றால் இப்போதே குனியுங்கள். நின்றபடி உயரத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு குனிந்தால் கேமராவும் கீழே இறங்கிவிடும், செய்த வேலை வீண். அடுத்து, எல் பொத்தானைத் தொடாமலே கேமராவைத் திருப்பி, காவலாளி வந்து நிற்கப்போகும் இடத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். ஆளையல்ல, ஆள் வரப்போகும் இடத்தை. கேமரா ஆள் தலை உயரத்தில் நிற்கட்டும். இவ்வளவும் முடிந்த பிறகே எல்.

இப்போது குறி இலக்குக்கு மிக அருகில் இருக்கும். மிச்சமிருக்கும் அந்த ஒரு விரற்கடைப் பிழையைப் பொத்தானால் துரத்தாதீர்கள். குமிழை லேசாகப் பக்கவாட்டில் தட்டி அரை அடி நகருங்கள். உடம்பு நகர்ந்தால் குறியும் அதே அளவு நகரும். குமிழுக்கு "கொஞ்சம்" என்றால் என்னவென்று தெரியும். நுண்ணிய வேலையை அதனிடமே கொடுங்கள். மேலே கீழே சரிசெய்ய மட்டும் பொத்தான். அதையும் அழுத்திப் பிடிக்காமல், சொட்டுச் சொட்டாகத் தட்டுங்கள்.

ரோந்துக் காவலாளி நடப்பான், நிற்பான், சுற்றிப் பார்ப்பான், திரும்புவான். நடக்கும் தலையைத் துரத்திச் சுடாதீர்கள். திரும்பும் முன் அவன் நிற்கும் அந்த ஒரு நொடிதான் உங்களுடையது. தொடக்கத்தில் கையில் இருக்கும் எம்கே 22 மயக்கத் துப்பாக்கியில் ஒவ்வொரு தோட்டாவுக்குப் பின்னும் மேல்தண்டை இழுத்துவிட வேண்டியிருக்கும். அதனால் தவறிய தோட்டாவை உடனே அடுத்ததால் திருத்த முடியாது. தலையில் பட்டால் ஆள் அங்கேயே சரிவான். உடம்பில் பட்டால் மயக்கம் ஏற நேரம் பிடிக்கும், அதற்குள் கூட்டாளிகளை எழுப்பிவிடுவான். சத்தத்தை அடக்கும் சைலன்சரும் சுடச்சுடத் தேயும். வேடிக்கைக்குச் சுவரில் சுட்டுப் பார்ப்பவர்கள், மிஷனின் கடைசிக் காவலாளி முன்னால் சத்தத்தோடு சுட வேண்டிவரும்.

கேமரா வேகத்தை உச்சத்தில் வைப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். "மெதுவாகத் திரும்புகிறது" என்று ஏற்றிவிட்டால் குறி இன்னும் அதிகமாகத் தாண்டும். ஒரு படி மட்டும் மாற்றி, ஒரு முழு மிஷன் ஆடிப் பார்த்து, பிறகு அடுத்த படி. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இந்த அமைப்புப் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும்.

எல்லாரையும் கொல்வது

இராணுவ ஆட்டம் என்றால் எதிரே வருபவனையெல்லாம் சுட வேண்டும் என்று நினைக்கிறார்கள். இங்கே அது நஷ்டக் கணக்கு. மயங்கியோ தூங்கியோ கிடக்கும் சிப்பாயை ஃபுல்டன் பலூனில் கட்டி மேலே அனுப்பினால் அவன் உங்கள் ஆளாகிறான். ஆய்வுக் குழுவிலோ, சாப்பாட்டுக் குழுவிலோ, மருத்துவக் குழுவிலோ, உளவுக் குழுவிலோ சேர்க்கலாம். அந்தக் குழுக்களின் நிலை உயர்ந்தால்தான் புதிய ஆயுதங்களை உருவாக்க முடியும். முதல் பத்து மிஷனில் எல்லாரையும் கொன்றவர், பின்னால் டாங்கியைப் பழைய துப்பாக்கியோடு எதிர்த்து நின்று "ஆட்டம் ரொம்பக் கஷ்டம்" என்கிறார். ஆட்டம் கஷ்டமில்லை, அவரிடம் ஆளில்லை. பலூன்களின் எண்ணிக்கையும் ஒரு மிஷனுக்கு இவ்வளவுதான் என்று உண்டு, ஆகவே கிளம்பும் முன் பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாங்கி, கவச வண்டி, ஹெலிகாப்டர் மிஷன்களிலும் இதே கணக்குதான். ராக்கெட்டால் வண்டியை நொறுக்கினாலும் வெற்றிதான், ஆனால் வண்டி கிடைக்காது. கூட வரும் காவல் சிப்பாய்களை அலை அலையாக வீழ்த்தினால் தளபதி வெளியே தலைகாட்டுவான். அவனை வீழ்த்தினால் வண்டி முழுசாக உங்கள் கைக்கு வரும். ராக்கெட்டால் நொறுக்குவதைவிட இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், தோட்டா வற்றும். ஆகவே வீசிய இடத்துக்குத் தோட்டாப் பெட்டியை வரவழைக்கும் சப்ளை மார்க்கர் இல்லாமல் இந்த மிஷனுக்குப் போகவே கூடாது. அதையும் துப்பாக்கி காலியான பிறகு வீசாதீர்கள். பாதி மிச்சம் இருக்கும்போதே, சுவருக்குப் பின்னால், ஓடிப்போய் எடுக்கக்கூடிய இடத்தில் வீசுங்கள். பெட்டி வந்து இறங்கும்வரை காத்திருக்கும் நேரத்தில்தான் பலர் வெட்டவெளியில் நின்று அடிபடுகிறார்கள்.

மாமாக் கடையில் வைஃபை கடவுச்சொல் கேட்பது

பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சேர்ந்து ஆட நினைக்கிறார்கள். உடனே கடையின் வைஃபையில் பிஎஸ்பியை இணைக்கப் பார்ப்பார்கள். இன்றைய திசைவிகளின் (ரவுட்டர்) டபிள்யூபிஏ2 பாதுகாப்பு இந்தக் கருவிக்குத் தெரியாது. இணையாது. இணையவும் தேவையில்லை. கூட்டு ஆட்டத்துக்கு அட்ஹாக் முறை போதும். கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது: இரண்டு கருவியிலும் வைஃபை விசையை இயக்குங்கள். பிஎஸ்பி-1000-இல் அது இடப்பக்க ஓரத்தில், 2000, 3000 வகைகளில் மேல் விளிம்பில் இருக்கும். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அட்ஹாக் சேனலை இருவரும் ஒன்றாக வையுங்கள். தானியங்கி, 1, 6, 11 என்று நான்கு தேர்வுகள். சுற்றிலும் திசைவிகள் நெருக்கும் இடத்தில் தானியங்கி தடுமாறினால், இருவரும் 1 வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் 11. மின்சேமிப்புப் பகுதியில் வைஃபை மின்சேமிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இருவரும் ஒரே பதிப்பு வட்டை வைத்திருப்பது உத்தமம். கதை மிஷனில் இரண்டு பேர், பெரிய வண்டிச் சண்டைகளில் நான்கு பேர்வரை சேரலாம்.

சேர்ந்த பிறகு வரும் தவறு, ஆளுக்கொரு மூலைக்கு ஓடுவது. கூட்டாளி விழுந்தால் அருகில் போய் உயிர்ப்பிக்கலாம், ஆனால் அருகில் இருந்தால்தானே? ஒருவர் எதிரியின் பார்வையை இழுக்கட்டும், இன்னொருவர் பக்கவாட்டில் சுடட்டும். இடைவெளி, ஓடிவந்து தூக்கும் தூரம்தான். நடுவில் யாராவது கருவியைத் தூங்கவைத்தால் இணைப்பு அறுந்துவிடும். சாப்பாடு வந்தால் மிஷன் முடியும்வரை அது ஆறட்டும். ரோட்டி சானாய் கிழித்த எண்ணெய்க் கையோடு குமிழைத் தொடாதீர்கள். எண்ணெயும் தே தாரிக்கின் சர்க்கரையும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் குமிழின் இடுக்கில் பிசுக்கு பிடிக்கும், பிறகு அது நடுவுக்குத் திரும்பாமல் தானே நடக்கத் தொடங்கும்.

அப்படி நடக்கிறதா என்று பார்க்க, சண்டையில்லாத இடத்தில் விரலை எடுத்துவிட்டுப் பத்து நொடி கவனியுங்கள். ஆள் நகர்ந்தால் குமிழில்தான் கோளாறு. முதலில் ஐசோபிரோபைல் ஆல்கஹால் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் குமிழைச் சுற்றித் துடைத்து, நன்கு காயவிடுங்கள். கருவி அணைந்திருக்கட்டும், பேட்டரி வெளியே இருக்கட்டும். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பேட்டரி அறைக்குள் ஒட்டுத்தாளின் அடியிலும் ஸ்க்ரூ இருக்கிறது. அதை மறந்து மூடியை நெம்பினால் ஓடு உடையும்.

பேட்டரியையும் வெளிச்சத்தையும் நம்புவது

கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வர்த் போகும் இடிஎஸ் ரயில் பயணம் நான்கு மணி நேரத்துக்கும் மேல். பத்து வருடம் கிடந்த பேட்டரி அவ்வளவு தாங்காது. தனியாக ஆடும்போது வைஃபை விசையை அணையுங்கள். ஆட்டம் தரும் டேட்டா இன்ஸ்டால் வசதியால் தகவலை மெமரி ஸ்டிக்கில் ஏற்றுங்கள். வட்டு சுழல்வது குறைந்து மின்சாரம் மிச்சமாகும், காத்திருக்கும் நேரமும் குறையும். பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கினால் பேட்டரி தீரப்போகிறது என்று பொருள். மிஷன் நடுவில் சேமிக்க முடியாது, ஆகவே அந்த நேரத்தில் புதிய மிஷனைத் தொடாதீர்கள். இறங்கும் நிலையம் வந்துவிட்டால் மின்விசையை மேல்நோக்கி ஒருமுறை தள்ளினால் கருவி தூங்கும். சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுக்க அணைந்து, ஆடியது போய்விடும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மிஷனை இழந்தவர்கள் நிறைய.

பேட்டரி மூடி பிதுங்கியிருந்தால், பேட்டரி உப்பிவிட்டது. அமுக்கி மூடாதீர்கள், குத்தாதீர்கள், மின்னூட்டாதீர்கள். எடுத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். மாற்று வாங்கும்போது அளவைக் கவனியுங்கள்: பிஎஸ்பி-1000-க்கு 1800 எம்ஏஎச் தடித்த பேட்டரி, 2000, 3000-க்கு 1200 எம்ஏஎச் மெல்லியது. தடித்ததை மெல்லிய கருவியில் போட்டால் பழைய மூடி மூடாது.

திரையின் உச்ச வெளிச்சம் மின்கம்பி செருகியிருக்கும்போது மட்டுமே கிடைக்கும். பட்டர்வர்த் ஃபெரியில் வெயில் படும் பக்கம் உட்கார்ந்து காட்டு மிஷன் ஆடினால், இலை நிறச் சீருடைக்காரன் கண்ணுக்கே தெரிய மாட்டான். நிழலுக்கு வாருங்கள், காதொலிக் கருவியும் மாட்டுங்கள். கண் தவறவிட்ட காவலாளியைக் காலடிச் சத்தம் காட்டிக்கொடுக்கும்.

சேமித்ததைப் பிரதி எடுக்காமல் விடுவது

மைக்ரோஎஸ்டி அட்டையை அடாப்டரில் செருகி மெமரி ஸ்டிக்காகப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க. மலிவான அடாப்டர் ஆடினால் தொடர்பு விட்டுவிட்டு வரும், சேமிப்பு கெடும். மெமரி ஸ்டிக் விளக்கு மினுங்கும்போது அட்டையையோ பேட்டரியையோ தொடாதீர்கள். வாரம் ஒருமுறை யுஎஸ்பி கம்பியில் கணினியோடு இணைத்து, 'பிஎஸ்பி' என்ற கோப்புறைக்குள் இருக்கும் 'சேவ்டேட்டா' கோப்புறையை அப்படியே நகலெடுத்து, தேதி போட்டு வையுங்கள். கெட்டுப்போனால் அதே இடத்தில் திரும்ப ஒட்டினால் போதும். பலூனில் ஏற்றி அனுப்பிய அத்தனை சிப்பாய்களும் அவரவர் குழுவில் இருப்பார்கள்.