வெங்காய வேர் நுனியில் செல் பிரிவதைப் பார்ப்பது எப்படி?

மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் இரண்டாகப் பிரியும் முறை, பற்றிய பாடத்தைக் கரும்பலகைப் படத்தோடு முடித்துவிடும் வகுப்புகள் பல. ஆயத்த ஸ்லைடைக் காட்டினாலும், அது யாரோ செய்து தந்த பொருளாகவே மாணவர் மனத்தில் தங்கும். வேரைத் தம் கையாலேயே நறுக்கி, சாயமேற்றி, நசுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடம் சொந்தமாகிறது.

வேர் வளர்த்தல்

வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். பெரிய வெங்காயத்தின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய வேர்களைப் பிளேடால் மெல்லச் சுரண்டிவிடுங்கள். வெட்டு ஆழமாகப் பட்டால் புது வேர் வராது. வாயகன்ற பாட்டிலில் நீர் நிரப்பி, அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடுமாறு வெங்காயத்தை உட்கார வையுங்கள், மூழ்கினால் அழுகிவிடும். தினமும் நீரை மாற்றினால் மூன்று முதல் ஆறு நாளில் வெள்ளை வேர்கள் இறங்கியிருக்கும்.

நறுக்கிப் பதப்படுத்தல்

காலை 8 முதல் 10 மணிக்குள், நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவு நறுக்குங்கள். கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, எத்தனால் மூன்று பங்கு கலந்த கரைசலில் 24 மணி நேரம் போட்டு வைத்தால், செல்கள் அந்தந்த நிலையிலேயே நின்றுவிடும். இந்த அமிலம் தோலைப் பொசுக்கும். கலப்பதை ஆசிரியரே செய்யட்டும். உடனே பயன்படுத்தாவிட்டால் வேர்களை 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிடுங்கள்.

சாயமேற்றல்

ஸ்லைடில் வேரை வைத்து, 1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி, அசிட்டோகார்மைன் என்ற சாயம் இரண்டு மூன்று துளி விடுங்கள். செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் பசையை அமிலம் இளக்குகிறது. கார்மைனோ சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து கிடைக்கும் சிவப்பு. அது உட்கருவில் மரபுப்பொருளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களைப் பற்றிக்கொள்கிறது. ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாகக் காட்டுங்கள், கொதிக்க விடாதீர்கள். ஆல்கஹால் பாட்டில் அருகில் இருக்கவே கூடாது. பத்து நிமிடம் ஆறவிட்டு, மிகுந்த சாயத்தை ஒற்றி எடுங்கள்.

நசுக்குதல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தேவை, செல்கள் பிரியும் நுனியின் 2, 3 மில்லிமீட்டர் மட்டுமே. சாயம் அடர்ந்திருக்கும், கூம்பிய முனை அது. தட்டையான முனை நீங்கள் நறுக்கிய பக்கம். மீதியை அகற்றி, ஒரு துளி நீர் விட்டு, கவர் ஸ்லிப்பை (மெல்லிய கண்ணாடி மூடியை) சாய்த்து மெதுவாக மூடுங்கள். சீவாத பென்சில் முனையால் மேலே மெல்லத் தட்டுங்கள். ஒரு புள்ளியாக இருந்த திசு, இளஞ்சிவப்பு மேகம்போல் விரியத் தொடங்கும். பிறகு ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். கவர் ஸ்லிப் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டு கெட்டுவிடும்.

பார்த்தல்

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் தேடுங்கள். செல்கள் நீண்டு, செங்கல் அடுக்குபோல் தெரிந்தால் நுனி தவறிவிட்டது; இன்னொரு வேரை எடுங்கள். சதுரமான, பெரிய உட்கரு கொண்ட செல்கள் கண்ணில் பட்டால் 40 எக்ஸ் லென்ஸுக்கு மாற்றுங்கள். பெரும்பாலானவை இன்டர்ஃபேஸில்தான், அதாவது பிரிவுக்கு இடைப்பட்ட நிலையில்தான், இருக்கும். மாணவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசை கட்டி நின்றால் அது மெட்டாஃபேஸ் என்ற பிரிவு நிலை. இரு துருவம் நோக்கி விலகினால் அடுத்த நிலையான அனாஃபேஸ். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள் உண்டு, ஆனால் முதல் ஸ்லைடிலேயே எண்ணிவிடும்படி கேட்காதீர்கள். நூறு செல்களில் எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.

நல்ல ஸ்லைடு அமைந்தால் கவர் ஸ்லிப்பின் விளிம்பெங்கும் நகப்பூச்சு பூசுங்கள். சீக்கிரம் காய்ந்துபோகாது; அடுத்த பிரிவு மாணவர்களும் பார்க்கலாம்.