எதைத் தொட்டேன் என்பது தேடுபொறிக்கு எதற்கு?

அம்மாவின் தைராய்டு மாத்திரை பற்றித் தேடி, கிடைத்த ஒரு பக்கத்தின் இணைப்பை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று நகலெடுத்து ஒட்டினேன், மூன்று வரிக்கு நீண்டது. தொடக்கத்தில் தேடுபொறியின் பெயர். மருத்துவத் தளத்தின் முகவரி சதவீதக் குறிகளுக்கு நடுவே எங்கோ புதைந்து கிடந்தது.

மறுபடியும் போய்ப் பார்த்தேன். சுட்டியை இணைப்பின் மேல் வைத்தால் கீழே சரியான முகவரிதான் தெரிகிறது. சுட்டியின் பொத்தானை அழுத்திய நொடியில், பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை மாற்றிவிடுகிறது. சொடுக்கினால் முதலில் தேடுபொறிக்காரர்களிடம் போய், எதைச் சொடுக்கினோம் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் நம்மை அனுப்புகிறார்கள். கணக்கில் உள்நுழைந்திருந்தால் அது நம் பெயரிலேயே சேரலாம். வீட்டு நோய் விஷயம் இது, எனக்குக் கோபமே வந்தது.

சரி, செய்தது இதுதான். பயர்ஃபாக்ஸில் கிளியர்யூஆர்எல்ஸ் என்ற நீட்சியை (உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்) நிறுவினேன், அதே இணைப்பை மறுபடி நகலெடுத்தால் ஒரே வரி, நேரடி முகவரி! முகவரியை மாற்றாமலே, சொடுக்கும்போது பின்னணியில் தகவல் அனுப்பும் 'பிங்' என்று இன்னொரு வழியும் உண்டு. பயர்ஃபாக்ஸ் அதை இயல்பாகவே அனுப்புவதில்லை, குரோம் வகை உலாவிகள் அனுப்பும். அப்புறம், கணக்கிலிருந்து வெளியேறித்தான் இப்போது தேடுகிறேன், ஏனென்றால் தேடிய சொல் எப்படியும் அவர்களுக்குப் போகிறது, அதை எந்த நீட்சியும் மறைக்காது.

அக்காவுக்குச் சுத்தமான இணைப்பை அனுப்பிவிட்டு, அவள் கணினியிலும் அன்றே நிறுவிக் கொடுத்தேன்.