பழைய காருக்கு ஆயில் மாற்றுவதில் நடக்கும் தவறுகள்

வருஷக்கணக்காக வீட்டில் இருக்கும் கார் ஒருநாள் இன்ஜின் பழுதாகி நின்றால், முதலில் வரும் கேள்வி "நேரத்துக்கு ஆயில் மாத்திட்டுத்தானே இருந்தோம், அப்புறம் எப்படி?" என்பதுதான். பெரும்பாலும் காரின் சொந்தக்காரர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் தேதி இருக்கும், பில் இருக்கும். ஆனால் ஒருமுறை மாற்றியதற்கும் அடுத்த முறைக்கும் நடுவில் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பழைய காரில் நான் முதல் தவறாகச் சொல்வது இதைத்தான்.

புது இன்ஜின் ஆயிலை அவ்வளவாகக் குடிக்காது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜின் அப்படியில்லை. ஆயில் மேலேறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். வால்வு சீல் ரப்பர் வெப்பத்தில் இறுகியிருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் எரிந்துகொண்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கார் ஒன்று இவ்வளவு குடிப்பது அதிசயமில்லை. இன்ஜினில் இருப்பது 4 லிட்டர். 10,000 கிலோமீட்டர் ஓடி அடுத்த ஆயில் மாற்றத்துக்கு வரும்போது இரண்டரை லிட்டர் போயிருக்கும். 4 லிட்டர் செய்ய வேண்டிய வேலையை ஒன்றரை லிட்டர் செய்துகொண்டிருக்கும். மிச்சமிருக்கும் ஆயில்தான் அத்தனை சூட்டையும் அழுக்கையும் தாங்க வேண்டும் என்பதால் அதுவும் சீக்கிரமே கெட்டுப்போகும்.

"குறைந்தால் சிவப்பு விளக்கு எரியுமே" என்பார்கள். பெரும்பாலான பழைய கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. ஆயில் அழுத்தம் விழுந்தால்தான் எரியும். அழுத்தம் விழுவதற்குள் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் உரச ஆரம்பித்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் விளக்கு மினுக்கினால், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஓட்டும்போது விளக்கு அணையாமல் எரிந்தால் ஓரம்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். வீடு பக்கம்தானே என்று ஓட்டிவிடாதீர்கள். அந்தச் சில நிமிடத்திலேயே இன்ஜின் போய்விடலாம்.

அளவு பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. கார் சமதரையில் நிற்க வேண்டும். ஓடி நின்ற இன்ஜின் என்றால் ஐந்து பத்து நிமிடம் காத்திருங்கள், மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்கட்டும். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை முதல்முறை உருவும்போது தெரிவதை நம்பக்கூடாது. இன்ஜின் ஓடும்போது தெறித்த ஆயில் கம்பி முழுக்க ஒட்டியிருக்கும். துணியால் துடைத்துவிட்டு, அடிவரை திரும்பச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். கம்பியின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, எந்தப் பக்கம் குறைவாகக் காட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுமார் ஒரு லிட்டர். அதனால் பாதியில் நின்றால் அரை லிட்டர் போதும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் இதைச் செய்யுங்கள். ஊற்றிய அளவையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆயில் குடிக்கும் வண்டி என்பதற்காக நான் பயப்படுவதில்லை. திடீரென்று இருமடங்காகக் குடிக்க ஆரம்பித்தால்தான் கவலை, அது அந்த நோட்டில் மட்டும்தான் தெரியும். ஆயில் எரிவதால் வரும் நீலப்புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்துபோனால் வால்வு சீல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங் மேல் சந்தேகம் போக வேண்டும்.

அடுத்தது, "வண்டி ஓடவே இல்லையே, இப்ப எதுக்கு ஆயில்?" என்பது. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் பொதுவாக இருக்கும். நாம் கிலோமீட்டரை மட்டும் படிக்கிறோம். குடும்பக் காரின் வேலை என்ன? பள்ளிக்கூடம், கடை, மறுபடி வீடு. இரண்டு மூன்று கிலோமீட்டரில் இன்ஜின் சரியாகச் சூடேறுவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் இறங்குகிறது. நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். குறும்பயணத்தில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. குறைவாக ஓடும் வண்டியின் ஆயில், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் ஆயிலைவிட மோசமாக இருப்பது இதனால்தான். கையேட்டில் கடினமான பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கும்: குறும்பயணம், தூசி, நெரிசலில் நின்று நின்று போவது, பாரம் இழுப்பது. பல கையேடுகள் அதற்கு ஏறக்குறைய பாதி இடைவெளியைச் சொல்கின்றன. பெரும்பாலான குடும்பக் கார்கள் அந்தப் பட்டியலுக்குள்தான் வரும்.

<b>"பழைய இன்ஜின்தானே, கெட்டியா ஊத்து"</b>

இந்த அறிவுரை எல்லோரிடமும் கிடைக்கும். 5டபிள்யூ-30 என்று டப்பாவில் போட்டிருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், புகையும் கொஞ்சம் அடங்கும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே இருந்து வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். அந்த முதல் சில விநாடிகளில் தேய்மானம் அதிகமாக இருக்கும். பழுது அப்படியே இருக்கும், அதன் அறிகுறிதான் மறையும். இதுதான் எனக்கு இதில் பிடிக்காத விஷயம்.

அதற்காக ஒரே எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றில்லை. பல கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற அட்டவணை ஒன்று இருக்கும். வெயில் அதிகமான இடத்தில், ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு, அந்த அட்டவணை அனுமதித்தால் 30க்குப் பதில் 40 போடுவது நியாயமான முடிவு.

தரக்குறியையும் பாருங்கள். ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) குறியில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. பெட்ரோல் கார்களுக்குப் புதிய தரம் பழையதற்கும் பொருந்தும். எஸ்எல் கேட்கும் காருக்கு 2020இல் வந்த எஸ்பி ஊற்றலாம். பல பத்தாண்டு பழமையான, தட்டையான டேப்பெட் (கேம் அழுத்த வால்வை இயக்கும் பாகம்) கொண்ட இன்ஜின்கள் மட்டும் விதிவிலக்கு. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகப் புது ஆயில்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கையைக் குறைத்திருக்கிறார்கள். அந்த இன்ஜின்களுக்கு அது போதாமல் போகலாம். புகை வடிகட்டி உள்ள டீசல் காருக்கு, கையேடு சொல்லும், எரியும்போது குறைவாகச் சாம்பல் விடும் வகை ஆயில் தவிர வேறெதுவும் வேண்டாம்.

சிந்தெடிக் ஆயில் பழைய இன்ஜினுக்கு ஆகாது என்பதும் சரியில்லை. எண்ணும் தரமும் பொருந்தினால் தாராளமாகப் போடலாம். சில வண்டிகளில் அதைப் போட்டபின் கசிவு தெரிய வரும். அழுக்குப் படிந்து அடைத்திருந்த சீல் சுத்தமானதால் வரும் கசிவு அது. சீல் ஏற்கெனவே போயிருந்தது.

ஃப்ளஷ், அதாவது இன்ஜினின் உட்புறத்தைத் திரவம் ஊற்றிக் கழுவும் விஷயத்தில் கவனமாக இருங்கள். வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்டு உள்ளே கசடு கட்டிய இன்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்றினால், கசடு கட்டி கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும் அபாயம் உண்டு. நல்ல ஆயில் ஊற்றி, 2,000 அல்லது 3,000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றி, அதையே இரண்டு மூன்று முறை செய்வது மெதுவான வழி, ஆனால் பாதுகாப்பானது.

<b>ஃபில்டர், வாஷர், அளவு</b>

ஆயிலை மட்டும் மாற்றி ஃபில்டரை அடுத்த முறைக்குத் தள்ளுவது வீண் சிக்கனம். ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பொருத்தினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். முதலில் கசியாது. அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, நடுரோட்டில் மொத்த ஆயிலும் கொட்டிவிடும். பழைய ஃபில்டரைத் திருப்பி, வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள்; இன்ஜின் பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, வளையம் தொட்டபிறகு கையால் முக்கால் சுற்று முறுக்கினால் பொதுவாகப் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றவே முடியாது.

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்டுக்கும் அதே கதைதான். அலுமினிய சம்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரை எளிதில் போய்விடும். ஏற்கெனவே பலமுறை கழற்றி மாட்டிய பழைய காரில் இன்னும் எளிது. முதல் சில சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். நசுங்கும் வாஷர் என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். வீட்டில் நீங்களே செய்வதென்றால், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

டப்பா வாங்கியாச்சு என்பதற்காக முழுவதையும் ஊற்றுவதும் நடக்கிறது. மேல்கோட்டுக்கு மேலே நன்றாக ஏறிவிட்டால் கீழே சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயிலில் காற்று கலந்திருப்பதால் அழுத்தம் நிற்காது. கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்துச் சொல்லியிருக்கும் அளவைவிடக் கால் லிட்டர் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திக் காத்திருந்து, டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். கூடிப்போயிருந்தால் அப்படியே விடாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பழைய ஆயில் தோலுக்கு நல்லதில்லை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். வண்டி மறுநாள் காலை நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததும் தரையைப் பாருங்கள். சொட்டு இருந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போய், முந்தின நாள் கைவைத்த அந்த போல்டையும் ஃபில்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.